முதுகு சார் திரும்பிய கதை

எங்கள் கல்லூரியில் படித்துவிட்டுப் போனவர்கள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு வணக்கம் சொல்வார்கள். என்னோடு நடந்து வருகிறவரை யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். போன பிறகு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள் பாருங்கள், அப்போதுதான் பொறி தட்டும். "மேடம், அது நம்ம முதுகு சார்தானே?" என்று ஓடி வருவார்கள். அதற்குள் அவர் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்திருப்பார்.

அவரிடம் மூன்று வருடம் படித்தவர்களுக்குக்கூட அவர் முகம் சரியாகத் தெரியாது. முதுகு நன்றாகத் தெரியும். எந்தச் சட்டைக்குக் காலர் நைந்திருக்கிறது, வியர்வை எங்கே ஆரம்பித்து எந்த வழியாக இறங்கும், பின்மண்டையில் வழுக்கை எப்போது எட்டிப் பார்த்தது, எல்லாம் அத்துப்படி. வகுப்புக்குள் நுழைவார், நேராகக் கரும்பலகைக்குப் போவார், மணி அடிக்கிறவரைக்கும் அதைவிட்டுத் திரும்ப மாட்டார். தேவைக் கோட்டை மஞ்சள் சாக்பீஸிலும் அளிப்புக் கோட்டைச் சிவப்பிலும் போடுவார். குரல் கணீரென்று பலகையில் பட்டுத் திரும்பிக் கடைசி பெஞ்சுவரை கேட்கும். ஒரு பிசிறு இருக்காது.

பொருளாதாரத் துறையில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. நடுவில் ஒரு இரும்பு பீரோ. அதனால் எனக்கு உண்மை தெரியும். அவருக்குப் பேச்சு திக்கும். சாதாரணத் திக்கல் இல்லை, முகத்தைப் பார்த்துப் பேசினால் வார்த்தை உதட்டிலேயே பூட்டிக்கொண்டு நிற்கும். அதிலும் ப-வும் ம-வும் அவருக்குப் பரம வைரிகள். மனுஷர் பிழைப்புக்குத் தேர்ந்தெடுத்தது பொருளாதாரம். பணம், பங்கு, பண்டம், மதிப்பு, மூலதனம் என்று நாள் முழுக்க வைரிகளோடுதான் குடித்தனம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பாடத்தின் பெயரையே சொல்ல முடியாமல் நின்றாராம். முன் பெஞ்சுப் பையன் ஒருவன் இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்தானாம். சொல்ல முடியாததை எழுதியாவது காட்டுவோம் என்று பலகைப் பக்கம் திரும்பியவருக்குக் குரல் மடை திறந்த மாதிரி வந்துவிட்டது. அன்றைக்குத் திரும்பியவர்தான். வருகைப் பதிவு எடுப்பதுகூட வகுப்புத் தலைவன் வேலை. ஆசிரியர் நேரத்தை அதில் வீணாக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை என்று ஊரெல்லாம் பேச்சு. சங்கடங்களைக் கொள்கையாக மாற்றிக்கொள்வதில் அவருக்கு இணை அவர்தான்.

வீட்டிலும் இதே கதை. அவர் மனைவி துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறவர், நாள் முழுக்கப் பேசினாலும் களைக்காதவர். கடைக்காரரோடு சண்டை, போனில் விசாரிப்பு, பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்து எல்லாம் அந்த அம்மாவின் இலாகா. மனைவி அடுப்பைப் பார்த்து நின்றால் இவர் பின்னால் நின்று தடங்கலில்லாமல் உலக விவகாரம் பேசுவார். மனைவி கரண்டியோடு திரும்பினால் பேச்சு நின்றுவிடும். "என் முதுகோடதான் அக்கா இவ்வளவு வருஷமா குடும்பம் நடத்தறாரு" என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள் டிரைவர் மகள்.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். பெண்ணுக்குச் சின்னக் குழந்தையில் வந்த காய்ச்சலோடு காது போய்விட்டது. எதிரே இருப்பவர்களின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள். அவளும் பேசுவாள், ஏற்ற இறக்கமில்லாத பெரிய குரலில். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவளுக்குத் தெரியாததால் ரகசியம் என்ற ஒன்று அவள் வாழ்க்கையிலேயே கிடையாது. சேர்க்கை நாளன்று அப்பா எங்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

"பாப்பா ஆசைப்பட்டா, சேத்துட்டேன். முதல் செமஸ்டர்ல அந்த மெயின் பேப்பர் போச்சுன்னா, வீட்டுல இருந்தே தபால்ல படிக்கட்டும். இவள தனியா அனுப்பிட்டு நான் எத்தனை நாளைக்குப் பயந்துக்கிட்டே வண்டி ஓட்டறது?"

அந்த மெயின் பேப்பர் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று கல்லூரிக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்த நேரம் அது. உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். என்னையும் அதில் தூக்கிப் போட்டார்கள். கமிட்டி கூடி, டீ குடித்து, துறை வாசலில் சாய்தளம் கட்டுவது என்று ஏகமனதாக முடிவெடுத்தது. அந்தப் பெண்ணுக்குக் காதுதானே கேட்காது, கால் நன்றாக இருக்கிறதே என்று நான் கேட்டேன். உத்தரவோடு வந்த நிதி சாய்தளத்துக்குத்தான், காதுக்கு இல்லை என்று விளக்கினார்கள்.

சாய்தளம் அழகாக எழுந்தது. டிரைவர் மகள் பக்கத்துப் படிகளில் தாவித் தாவி ஏறி வகுப்புக்குப் போனாள். போட்டோ எடுக்கும் அன்று அவளைக் கூப்பிட்டு, ஒரு சக்கர நாற்காலி இரவல் வாங்கியிருக்கிறோம், கொஞ்சம் உட்கார முடியுமா என்று கேட்டார்கள். அவள் சிரித்துவிட்டு ஓடிப்போனாள். அடுத்த வாரத்திலிருந்து ஆசிரியர்கள் தங்கள் ஸ்கூட்டர்களைச் சாய்தளம் வழியாக ஏற்றி நிழலாக வராந்தாவில் நிறுத்த ஆரம்பித்தார்கள். உண்மையிலேயே அது தேவைப்படுகிற பிள்ளை ஒருநாள் வரும்போது வண்டிகளை நகர்த்துவார்களா என்பது என் சந்தேகம்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பாடம் நடத்தும்போது வகுப்பைப் பார்த்து நில்லுங்கள், வாயை மறைக்காதீர்கள். அவ்வளவுதான். காசு செலவில்லாத கோரிக்கையை எந்தத் தலைப்பில் நிறைவேற்றுவது என்று புரியாமல் கமிட்டி அதை ஒத்திவைத்தது. ஆனால் ஆசிரியர்கள் தாமாகவே கொஞ்சம் மாறினார்கள். புள்ளியியல் சார் மேலுதட்டை மூடியிருந்த மீசையைக் கத்தரித்தார். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துப் படிக்கும் என் பழக்கத்தை நான் விட்டேன். முதுகு சார் மட்டும் பலகையை விடவில்லை.

டிரைவர் மகள் அவரிடமே நேரில் வந்து கேட்டாள். அவர் தலையாட்டினார். மறுநாள் முதுகைக் காட்டினார். மறுபடி வந்து கேட்டாள். மறுபடி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் போல உலகத்தில் பயனில்லாத பொருள் வேறு இல்லை. கடைசியில் அவள் முதல்வரிடம் போனாள்.

எங்கள் முதல்வர் தங்கமான மனிதர். எதிரே இருப்பவர் பேச்சில் தடுமாறினால் அவருக்குப் பொறுக்காது, அவரே வாக்கியத்தை முடித்து வைத்துவிடுவார். முதுகு சாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார். இவர் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனார். "எனக்குப் ப… ப…" என்று ஆரம்பித்ததும், "பயிற்சி வேணும்ங்கறீங்க. அதானே? நல்ல விஷயம் சார், ஏற்பாடு பண்றேன்" என்று முதல்வர் முடித்துவிட்டார். இவரும் தப்பித்தால் போதும் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அப்படித்தான் அவர் 'அனைவருக்குமான வகுப்பறை' என்ற பயிற்சி முகாமுக்குப் போனார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றதும் கழிவறைக்குப் போனவர் அந்தச் சுற்று முடிந்த பிறகுதான் திரும்பினாராம். காது கேளாத மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது எப்படி என்று பயிற்சியாளர் பகல் முழுக்கத் திரையைப் பார்த்தே படித்துக் காட்டினாராம். முதுகு சார் சான்றிதழோடு வந்தார். அதைப் பீரோ கதவில் ஒட்டினார்கள். டிரைவர் மகளுக்கு அதே முதுகுதான் கிடைத்தது.

அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண் முன் பெஞ்சில் உட்கார்ந்து தன் பின்மண்டையையே உற்றுப் பார்க்கிறாள் என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டில் முகம் சவரம் செய்யும் கண்ணாடியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, அட்டெண்டரை விட்டுப் பலகை ஓரத்தில் ஆணியடித்து மாட்டச் சொன்னார். இவர் பலகையைப் பார்த்துப் பேசுவார், அவள் கண்ணாடியில் இவர் உதட்டைப் பார்த்துக்கொள்வாள். யாருக்கும் நஷ்டமில்லை. இந்த யோசனை வருகிற மூளைக்குத் திரும்பி நின்று பேசும் யோசனை வராதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

முதல் சில நிமிடம் நன்றாகவே போயிற்றாம். கண்ணாடிக்குள் முகம் தெரிய வேண்டுமே என்று ஒரே இடத்தில் நின்றதால் எல்லா வளைகோடுகளும் பலகையின் ஒரு மூலையில் சிக்கு விழுந்து கிடந்தன. அது ஒன்றுதான் குறை. ஆனால் கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதில் அவளுக்கு இவர் தெரிந்தால் இவருக்கும் வகுப்பு தெரியும். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் தன் வகுப்பைப் பார்த்தார். பாதி வகுப்பு காலி.

பின் ஜன்னலில் ஒரு கம்பி கிடையாது. அவர் பலகைப் பக்கம் திரும்பியதும் ஒரு கூட்டம் அந்த வழியாக வெளியே போகும். பாதி நேரம் ஆனதும் அது உள்ளே வந்து அடுத்த கூட்டம் வெளியே போகும். யாருக்கு எந்த நாள் எந்தப் பாதி என்பதை வகுப்புத் தலைவன் பார்த்துக்கொள்வான். பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள் அல்லவா, பங்கீட்டில் யாருக்கும் குறை வைத்ததில்லை. இந்த ஏற்பாடு அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து தங்கைக்கு என்று வழிவழியாக வந்துகொண்டிருந்தது.

அவர் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு பையன் ஜன்னலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் கண்ணும் கண்ணாடிக்குள் சந்தித்தன. அவர் அப்போதுதான் பற்றாக்குறை என்று சொல்லத் தொடங்கியிருந்தார். உதடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் ஒரு சிவந்த முகமும், புடைத்த கழுத்தும், மூடிய வாயும் வகுப்பு முழுக்கத் தெரிந்தன. ஜன்னலில் இருந்த பையன் நல்ல மனசோடு, "பற்றாக்குறை சார்" என்று எடுத்துக் கொடுத்தான். அப்புறம் வகுப்பு சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்பிலிருந்த எனக்கே கேட்டது.

அவர் சாக்பீஸை வைத்துவிட்டு வந்துவிட்டார். பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பேப்பரை நான் எடுத்துக்கொண்டு என்னுடையதை அவருக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கேட்டு முடிக்க வெகு நேரம் ஆனது. என் வகுப்பில் மட்டும் முகம் இல்லாத பிள்ளைகளா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. அவர் விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, யோசிக்கிறேன் என்றேன். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. முதல் பரீட்சைக்கு அதிக நாள் இல்லை.

அன்று மாலை டிரைவர் மகள் துறை அறைக்கு வந்தாள். பீரோவுக்குப் பின்னால் அவர் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"சாருக்கு என்னைப் பிடிக்கல மேடம். காது கேக்காத பொண்ணுக்கு எதுக்குப் படிப்புன்னு நினைக்கறாரு" என்றாள். வழக்கம்போல அறை முழுக்கக் கேட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அவருக்குப் பேச்சு திக்கும்மா. முகத்தைப் பாத்தா வார்த்தை வராது. அதனாலதான் திரும்பிக்கறாரு" என்று போட்டு உடைத்தேன். புள்ளியியல் சார் திடீரென்று விடைத்தாள் திருத்த ஆரம்பித்தார்.

அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திக்கறதுன்னா என்ன மேடம்?"

நான் திகைத்துப் போனேன். யார் பேச்சையும் காதால் கேட்டே வளராதவள் அவள். திக்கல் என்று ஒன்று இருப்பதும், அதைக் கேட்டால் ஊரே சிரிக்கும் என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்? வேறு வழியில்லாமல் நடித்துக் காட்டினேன். உதட்டை ஒட்டிவைத்து, திறந்து, மறுபடி ஒட்டி, ப… ப… பணம் என்றேன். வயசான காலத்தில் எனக்கு இது தேவையா என்று தோன்றியது. அவள் கவனமாகப் பார்த்தாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

பீரோவுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. அவர் எழுந்து வந்து நின்றார். அவள் கொஞ்சமும் பதறவில்லை.

"சார், நீங்க திக்கினா எனக்குக் கேக்காது. நீங்க பாட்டுக்கு எங்க பக்கம் திரும்பி நின்னு திக்குங்க."

அவர் எதிரே அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. நாங்கள் எல்லோரும் நாகரிகமானவர்கள். அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். எங்களுக்குத் தெரியாத தலையாட்டலா என்று நான் அன்றைக்கே என் பேப்பரின் குறிப்புகளை அவருக்காக எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் பக்கத்து வகுப்பிலிருந்து கணீர்க் குரல் வரவில்லை. உடைந்த குரல் வந்தது. ஒரு வார்த்தை, நீண்ட அமைதி, சிரிப்பு, மறுபடி அரை வார்த்தை. நான் என் பாடத்தை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றேன். என் மாணவர்களும் சுவரைப் பார்த்தார்கள். மணி அடித்ததும் வெளியே வந்தவரின் சட்டை முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. முன்பக்கம் நனைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு சில வகுப்புகள் தாங்கியது. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒன்றை நாங்கள் நடத்துகிறோம். ஒரே பண்டத்தைத் திரும்பத் திரும்ப நுகர்ந்தால் ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் சுகம் குறைந்துகொண்டே போகும். அவர் ஒரு மணி நேரத்தில் எத்தனையோ இடத்தில் நிற்கிறார், அத்தனைக்கும் சிரிக்க எந்த வகுப்பால் முடியும்? விதியை அவர் நடத்துவதற்கு முன்பே பிள்ளைகள் நிரூபித்துவிட்டார்கள்.

எடுத்துக் கொடுக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அவர் நின்றால் போதும், பின் பெஞ்சிலிருந்து யாராவது வார்த்தையை முடிப்பார்கள். டிரைவர் மகளுக்குப் பின்னால் பேசுகிறவர்களின் உதடு தெரியாது. அவர் வாய் ஒரு வார்த்தையில் நிற்கும், அடுத்துத் திறக்கும்போது வேறு எங்கோ போயிருக்கும். ஒருநாள் அவள் எழுந்து பின்னால் திரும்பினாள். "யாரும் சொல்லாதீங்க. நீங்க சொன்னா எனக்குத் தெரியாது. சார் சொல்லட்டும்" என்றாள். அவளுக்கு அது தன் வசதிக்கான விஷயம்தான். அன்றிலிருந்து வகுப்பு காத்திருந்தது. காத்திருக்க ஆரம்பித்த பிறகு அவர் நிற்கும் நேரமும் கொஞ்சம் சுருங்கியது என்று அவரே என்னிடம் சொன்னார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் காத்திருந்துதான் கேட்டேன்.

நஷ்டங்கள் இல்லாமல் இல்லை. ஜன்னல் வழிப் போக்குவரத்து நின்றதில் பிள்ளைகளுக்குப் பெரிய வருத்தம். பாடத்திட்டத்தில் பாதிதான் முடிந்தது. மீதியை எல்லோரும் கைடு வாங்கிப் படித்தார்கள். பாடம் முழுதாக முடிந்த வருடங்களிலும் கைடு வாங்கித்தான் படித்தார்கள் என்பதால் தேர்ச்சி விகிதம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டிரைவர் மகள் சுமாரான மதிப்பெண்ணில் தேறினாள். அப்பா பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து மதிப்பெண்ணைப் பார்த்தார். "சரி, மேல படி பாப்பா" என்று அவளுக்குத் தெரியும்படி நிறுத்திச் சொன்னார்.

அந்த வாரம்தான் வசதிகளைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். காலையிலேயே ஸ்கூட்டர்களை இறக்கிச் சாய்தளத்தைக் கழுவிவிட்டார்கள். முதல்வர் அவரை அதன் வழியாகவே ஏற்றி அழைத்து வந்தார். நாங்கள் வராந்தாவில் வரிசையாக நின்றோம். ஆய்வாளர் சம்பிரதாயமாக டிரைவர் மகளைக் கூப்பிட்டு, இங்கே எந்த வசதி உனக்கு ரொம்ப உதவியாக இருக்கிறது என்று விசாரித்தார். முதல்வர் சாய்தளத்தைக் கண்ணால் காட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை, ஆய்வாளரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கனாமிக்ஸ் சார் ஒவ்வொரு வார்த்தையையும் மூணு நாலு தடவை சொல்லுவாரு சார். முதல் தடவை விட்டுட்டாலும் அடுத்த தடவை பிடிச்சிடுவேன். மத்தவங்க எல்லாம் ஒரே தடவை சொல்லிட்டு ஓடிடறாங்க. எல்லாரையும் அவர மாதிரி பேசச் சொல்லுங்க சார்."

வராந்தா முழுக்கக் கேட்டது. நாங்கள் தரையைப் பார்த்தோம். ஆய்வாளருக்கு ஒரே ஆச்சரியம். பேனாவைத் திறந்துகொண்டு முதுகு சாரிடம் வந்தார். "புதுசா இருக்கே சார். இந்த முறைய எங்க கத்துக்கிட்டீங்க?"

முன்பின் தெரியாத முகம், கைக்கெட்டும் தூரத்தில். முதுகு சாரின் உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. வலது பக்கம் திரும்பினால் சுவர், அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அவர் திரும்பவில்லை. முதல்வர் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார்.

"ப… ப… ப… பிறவியிலேயே வந்தது சார்" என்றார்.

சொல்லிவிட்டு ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்கு நின்றார். இப்போது வார்த்தை கிடைக்காமல் தவித்தவர் ஆய்வாளர்தான். நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.